கமாடோ அடுப்பில் முதல் நெருப்பு: ஆறு முட்டை, ஒரு கோழி

அமெரிக்காவில் நண்பர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பெரிய பச்சை முட்டை ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கமாடோ, கரி போட்டுச் சமைக்கும் செராமிக் அடுப்பு. ஜப்பானிய மொழியில் கமாடோ என்றால் அடுப்பு என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர், அங்கே சோறு வடிக்கும் மண் அடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் (பெரிய பச்சை முட்டை) நிறுவனம், பின்னாளில் மண்ணை விட்டு, சூட்டில் எளிதில் விரிசல் விடாத செராமிக்குக்கு மாறியது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த அடுப்பில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றுதான். கீழே ஒரு கதவு, உச்சியில் ஒரு துளை. இரண்டையும் திறந்தால் தணல் சீறும், ஒடுக்கினால் அடங்கும். செராமிக் சுவர் கனமானது. ஒருமுறை சூடேறிவிட்டால் லேசில் இறங்காது. என் முதல் சமையலில் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெப்பமானி முள் 500-ஐத் தாண்டியிருந்தது. 350-க்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் முதலில் குறைந்த சூட்டில் முட்டை, அப்புறம் ஏற்றிக் கோழி என்று இந்த வரிசையைச் சொல்கிறேன். (இங்குள்ள அடுப்புகளின் முள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். நானும் அதிலேயே சொல்கிறேன்.)

தயாரிப்பு. முந்தின இரவே ஒன்றரை கிலோ கோழியின் முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்து, விரித்து, நெஞ்சை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்குங்கள். தோலை உரிக்க வேண்டாம். நம் வீடுகளில் உரித்தே பழக்கம், ஆனால் இந்த அனலில் கறி வறண்டுபோகாமல் காப்பது அந்தத் தோல்தான். உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள் தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஆறு முட்டைகளை 9 நிமிடம் வேகவைத்து, உரித்து, ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.

நெருப்பு. அடுப்பு திறந்த வெளியில், காய்ந்த இலை, மரச்சுவர் எதுவும் அருகில் இல்லாமல் நிற்க வேண்டும். கார் கொட்டகைக்குள் கூடாது; கரிப்புகை உயிரைப் பறிக்கும். கட்டிக் கரியாக அச்சில் வார்த்தது வேண்டாம், மரத் துண்டாகவே இருக்கும் கரியை வாங்குங்கள்; சாம்பல் குறைவு. மண்ணெண்ணெய், பற்றவைக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். செராமிக் அதை உறிஞ்சிக்கொள்ளும், அந்த நாற்றம் சாப்பாட்டில் ஏறும். மெழுகு தோய்த்த பற்றவைப்புத் துண்டு ஒன்றைக் கரி நடுவில் வைத்துக் கொளுத்தி, இரு துளைகளும் முழுக்கத் திறந்திருக்க, மூடியையும் திறந்தே 10 நிமிடம் விடுங்கள்.

கரி கணகணவென்று பிடித்ததும் கைப்பிடி அளவு ஆப்பிள் மரத்துண்டு ஒன்றைப் போட்டு, அனலை மறைக்கும் செராமிக் தட்டையும் அதன் மேல் கம்பித் தட்டையும் வைத்து மூடுங்கள். முள் 180-ஐத் தொடும்போதே கீழ்க்கதவைச் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒடுக்குங்கள், மேல்துளையில் கீற்று மட்டும் விடுங்கள். முட்டைக்கு வேண்டிய சூடு 225. அங்கே வந்த பிறகு ஒடுக்கினால் காரியம் கெட்டது.

இப்போது புகையைப் பாருங்கள். முதலில் வெள்ளையாக, திரண்டு, கண்ணைக் கரிக்கும்படி வரும். அதில் எதை வைத்தாலும் கசக்கும். பொறுங்கள். கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து, வெயிலுக்கு எதிரே பார்த்தால் மட்டும் தெரிகிற இளநீலக் கீற்றாகும். முட்டைகளை அடுக்க அதுதான் நேரம். அரை மணி நேரத்தில் வெள்ளைக்கரு வெளிறிய தேன் நிறத்துக்கு வந்திருக்கும். பாதியாக வெட்டி, உப்பும் மிளகும் தூவித் தின்று பாருங்கள். புகை வாசம் மஞ்சள் கரு வரை இறங்கியிருக்கும்.

மூடியைத் திறப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, ஐந்து எண்ணுங்கள். பிறகு முழுக்கத் திறங்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் தணலுக்கு ஒரேயடியாகக் காற்று கிடைத்தால் முகத்தை நோக்கித் தீ பாயும்.

கோழி. துளைகளைக் கொஞ்சம் அகட்டி 350-க்கு ஏற்றுங்கள். முதல் சில சமையல்களுக்கு அதற்கு மேல் போக வேண்டாம், மூடி விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை பக்குவப்பட வேண்டும். தோல் மேலே இருக்கும்படி கோழியைப் பரப்பி மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டுத் திறக்காமல் இருப்போமே, அதே பொறுமை வேண்டும். நெஞ்சின் தடித்த இடத்தில் குத்திய வெப்பமானி 165 காட்ட வேண்டும். தொடை 175 வரை போனால் எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

அணைப்பது. இரு துளைகளையும் முழுக்க மூடினால் போதும், தணல் தானாக அடங்கும். தண்ணீர் ஊற்றினால் சூடான செராமிக் வெடிக்கும். மறுநாள் திறந்தால் எரியாத கரி நிறையவே மிச்சம் இருக்கும். கிளறிச் சாம்பலை உதிர்த்து, மேலே இரண்டு கை புதுக் கரி போட்டுக்கொள்ளுங்கள்.