கவுன்சிலில் கல்வி உளவியலாளர் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் கல்வி உளவியலாளராக வருகிறவர்களில் பலருக்கு முதல் வேலை ஒரு கவுன்சில் குழுவில்தான். அரசு நிதியில் பயிற்சி பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் சில வருடங்கள் உள்ளாட்சியில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மூன்று வருட முனைவர் படிப்பு, எச்.சி.பி.சி. (இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு எல்லாம் தாண்டி வருகிறவர்களுக்கு உளவியல் நன்றாகவே தெரியும். தவறு நடப்பது வேறு இடத்தில். நாம் எழுதும் ஒரு வரியை வைத்து யார், எங்கே, என்ன செய்யப்போகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் கீழ், ஒரு பிள்ளைக்கு இ.எச்.சி. பிளான் (கல்வி, உடல்நலம், பராமரிப்பு உதவிகளை எழுதிவைக்கும் சட்டபூர்வ ஆவணம்) தேவையா என்று கவுன்சில் மதிப்பிடத் தொடங்கினால், கல்வி உளவியலாளரின் ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டதிலிருந்து ஆறு வாரத்துக்குள் நாம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலிருந்து இறுதி பிளான் வரை மொத்தம் 20 வாரம். 2025 ஜனவரியில் 6 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் இந்த பிளான் இருந்தது. 2024இல் புதிதாகக் கொடுத்த பிளான்களில் பாதிகூட 20 வாரத்துக்குள் முடியவில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பல இந்த நெருக்கடியில்தான் நடக்கின்றன.

வழவழா கொழகொழா எழுத்து

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இயர் 4இல் படிக்கும் எட்டு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். நீளமான கட்டளை சொன்னால் பாதியில் விட்டுவிடுகிறான், கதையைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அறிக்கையில் இப்படி ஒரு வரி வருகிறது: ‘மொழித்திறனை வளர்க்கும் சிறுகுழு வாய்ப்புகள் அவனுக்குப் பயனளிக்கும். தேவைக்கேற்பப் பெரியவர் ஒருவரின் உதவி கிடைக்க வேண்டும்.’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை வகுப்பில் நிற்கும் டீச்சிங் அசிஸ்டெண்ட் இதை வைத்து என்ன செய்வார்? வாரத்துக்கு எத்தனை முறை? எவ்வளவு நேரம்? குழுவில் எத்தனை பேர்? நடத்துபவருக்கு என்ன பயிற்சி வேண்டும்? ‘தேவைக்கேற்ப’ என்றால் அந்தத் தேவையை முடிவு செய்வது யார்? எதற்கும் பதில் இல்லை. பள்ளியில் ஆள் குறைந்த வாரத்தில் முதலில் காணாமல் போவது இந்த உதவிதான். பெற்றோர் போய்க் கேட்டால், ‘வாய்ப்பு கொடுத்தோமே’ என்று பதில் வரும். அந்தப் பதிலைத் தப்பென்று சொல்லவும் முடியாது.

பிளானில் ‘பி’ பிரிவு பிள்ளையின் தேவைகளைச் சொல்கிறது. அந்தத் தேவைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ‘எஃப்’ பிரிவில் வரும். அதில் இருப்பதை நிறைவேற்ற வேண்டியது, சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, கவுன்சிலின் கட்டாயக் கடமை. அதாவது அங்கே தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே பெற்றோர் அதைக் கேட்டு வாங்க முடியும். எஃப் பிரிவை எழுதும் அதிகாரி பெரும்பாலும் நம் அறிக்கையிலிருந்துதான் எடுத்து எழுதுகிறார். நாம் மங்கலாக எழுதினால் பிளானும் மங்கலாகவே வரும்.

அதே பையனுக்கு இப்படி எழுதலாம்: ‘வாரம் மூன்று முறை, முறைக்கு 20 நிமிடம், மூன்று பிள்ளைகளுக்கு மேல் இல்லாத குழுவில் கதை சொல்லும் பயிற்சி. நடத்துபவர், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் இதற்குப் பயிற்சி பெற்ற டீச்சிங் அசிஸ்டெண்ட். பாடத்தில் வரவிருக்கும் ஐந்து புதுச் சொற்களைப் பாடத்துக்கு முந்தைய நாளே படத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியர் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லி, அவன் மேசையில் எழுதியும் வைக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சென்கோ (பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும்.’ கூடுதலாக நாலு வரிதான். ஆனால் இதை வைத்து ஒரு பள்ளி வேலை செய்ய முடியும்.

‘எங்கள் குழுவில் மணிக்கணக்கு எழுதும் வழக்கம் இல்லை’ என்று யாராவது சொன்னால், 2015ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வித் தேவை நெறிமுறைக் கையேட்டில் பத்தி 9.51ஐ எடுத்துக் காட்டுங்கள். உதவியின் அளவைப் பற்றி வல்லுநர்கள் கருத்துச் சொல்லலாம், அதைத் தடுக்கும் பொதுக் கொள்கையைக் கவுன்சில்கள் வைத்திருக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘வாரம் 25 மணி நேரம் தனி ஆள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. லண்டன் கல்வி நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டின் குழு நடத்தி 2009இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், டீச்சிங் அசிஸ்டெண்ட் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்களைக் குறை சொல்லும் ஆய்வு இல்லை இது. தயாரிப்பும் வழிகாட்டலும் இல்லாமல் ஒருவரைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தால், பிள்ளைக்கு ஆசிரியரோடு இருக்கும் நேரம் குறைந்துபோகிறது. அந்த மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதாவிட்டால் மணிக்கணக்கு மட்டும் எதையும் செய்யாது.

எண்ணைப் பிள்ளையாகப் பார்ப்பது

1913இல் லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்ததிலிருந்து இந்தத் தொழிலும் சோதனைகளும் சேர்ந்தே வளர்ந்தன. விஸ்க், பிரிட்டிஷ் எபிலிட்டி ஸ்கேல்ஸ் போன்ற அறிவுத்திறன் சோதனைகள் இன்றும் பயனுள்ள கருவிகளே. ஆனால் (சராசரி 100 என்ற அளவில்) ஒட்டுமொத்த மதிப்பெண் 80 என்று மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. அந்த 80, உண்மையில் 70களின் நடுவிலிருந்து 80களின் நடுவரை எங்கேயும் இருக்கலாம். அந்த இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள். உட்பிரிவு மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தால் ஒட்டுமொத்த எண்ணுக்குப் பெரிய பொருளே கிடையாது.

பெற்றோருக்கு விளக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 80 என்பது 9ஆவது பெர்சென்டைல். நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் நூற்றுக்கு 9 மார்க் என்றே படிப்பார்கள். மார்க் ஷீட்டிலேயே வளர்ந்தவர்கள் நாம், வேறு எப்படிப் படிப்போம்? அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து கிட்டத்தட்ட எந்த இடம் என்பதைத்தான் அது சொல்கிறது. வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. சொல்லாமல் விட்டால் ஒரு அம்மாவின் பல நாள் தூக்கம் போகும்.

வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவிலும் பழைய பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவு சொல்வது. எல்லா அறிவுத்திறன் நிலைகளிலும் டிஸ்லெக்சியா வரும் என்று 2009இலேயே அரசு கேட்டு வாங்கிய ரோஸ் அறிக்கை சொல்லிவிட்டது.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை

லண்டனில் ஹாரோவிலோ நியூஹாமிலோ வேலை பார்த்தால் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள். வீட்டில் பேசும் மொழியும் பள்ளி மொழியும் வேறு என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. சட்டத்தின் 20ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. தவறு இரண்டு பக்கமும் நடக்கும். ஆங்கிலம் வராததைக் குறைபாடு என்று எழுதிவிடுவது ஒன்று. ‘இங்கிலீஷ் பழகினால் சரியாகிவிடும்’ என்று உண்மையான சிரமத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடுவது இன்னொன்று.

பிரித்தறிய நல்ல வழி, வீட்டு மொழி எப்படி இருக்கிறது என்று கேட்பது. முதல் சொல் எப்போது வந்தது? அம்மம்மாவோடு போனில் பேசும்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறானா? ஊரிலிருந்து வந்த அதே வயதுச் சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எப்படி? தமிழிலும் பேச்சு தடுமாறுகிறது என்றால் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தமிழ் சரளமாக வருகிறது, ஆங்கிலம் மட்டும் பின்தங்குகிறது என்றால் அது வேறு கதை.

சோதனையின் கேள்விகளை அந்த இடத்திலேயே தமிழாக்கிக் கேட்டுவிட்டு, கையேட்டின் அட்டவணையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அந்த அட்டவணை ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்தது. தமிழில் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை, நிறையத் தெரியவரும். அதை எண்ணாக்காமல் பார்த்ததை விவரமாக எழுதுங்கள். அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தால், அவர் யார் என்று குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதே கோயிலுக்குப் போகிற, அதே கடையில் பார்க்கிற ஒருவராக இருந்தால் பெற்றோர் வாய் திறக்க மாட்டார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையானது. வேண்டாம் என்றால் வேறொருவரைக் கேட்க உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

‘வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள்’ என்ற அறிவுரை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அம்மாவுக்கு வசதியான மொழியில் நடக்கும் பேச்சுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் மிக வளமான பேச்சு. அதை நிறுத்திவிட்டால் ஈடுகட்ட முடியாது.

சம்பளம் தருவது யார் என்று பார்த்து எழுதுவது

கவுன்சில்தான் நமக்கு முதலாளி, கவுன்சில்தான் அந்த உதவிக்குப் பணமும் தர வேண்டும். இந்த இடம் கொஞ்சம் சங்கடமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரும் நேரடியாக ‘குறைத்து எழுது’ என்று சொல்வது அரிது. ‘அந்தப் பள்ளியில் அது கிடைக்காதே’ என்று ஒரு பேச்சு வரும், நம் கை தானாகவே அடக்கி எழுத ஆரம்பிக்கும். கிடைப்பதை எழுதுவது நம் வேலை இல்லை, பிள்ளைக்குத் தேவைப்படுவதை எழுதுவதே வேலை. எச்.சி.பி.சி. பதிவு நம் பெயரில் இருக்கிறது. பெற்றோர் மேல்முறையீடு செய்து ட்ரிப்யூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போனால் அங்கே பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

அதேபோல, கலங்கிப்போய் நிற்கும் பெற்றோரிடம் ‘இந்த ஸ்கூல்தான் சரி, கிடைத்துவிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எந்தப் பள்ளி என்ற முடிவு நம் கையில் இல்லை.

ஒரே ஒரு காலை

காலை ஒன்பதரைக்கு வந்து, பிள்ளையை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய்ச் சோதித்து, பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவது. வேலை நெருக்கடியில் இது எளிதாக நடந்துவிடும். அமைதியான அறையில், பரிவான பெரியவர் ஒருவர் எதிரே இருக்கும்போது பல பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் என்ன ஆகிறது என்பது அங்கே தெரியாது. குறைந்தது ஒரு பாடமும் ஒரு விளையாட்டு நேரமும் பாருங்கள். பள்ளி ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தது, எத்தனை வாரம், என்ன பலன் என்று சென்கோவிடம் கேளுங்கள். பலன் தராத ஒன்றையே மறுபடி நீங்களும் பரிந்துரைத்தால் அந்த அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பிள்ளையின் கருத்து என்ற தலைப்பின் கீழ் ‘அவனுக்குக் கால்பந்து பிடிக்கும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். பிடிக்காத பள்ளியையும் பிடித்த பள்ளியையும் வரையச் சொல்லிப் பாருங்கள். பேச மறுக்கும் பிள்ளைகள்கூட சாப்பாட்டுக்கூடத்தின் சத்தத்தையும் யாரும் சேர்த்துக்கொள்ளாத மூலையையும் வரைந்து காட்டிவிடுவார்கள். பரிந்துரைகளில் பாதி அங்கிருந்தே வரும்.

கடைசியாக, அறிக்கையை அனுப்பும் முன் பெற்றோரை ஒருமுறை போனில் கூப்பிட்டு, அதில் இருப்பதைப் பேச்சு வழக்கில் சொல்லிவிடுங்கள். பிறந்த தேதி, நடக்கத் தொடங்கிய வயது, பழைய பள்ளியின் பெயர் போன்றவற்றில் பிழை இருந்தால் அப்போதே திருத்திவிடலாம். நம் கருத்தை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்டால், ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது புதுத் தகவலாக இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் மாற்ற முடியாத காரணத்தை அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அனுப்புங்கள்.