இருபது வருட டானி போர்ட்டை இன்னும் இருபது வருடம் பூட்டி வைக்காதீர்கள்

போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டில், மரப் பீப்பாயில் முதிரும் வகைக்கு டானி என்று பெயர். பழைய டானி போர்ட் பாட்டில் ஒன்று பரிசாக வந்தால், நம்மவர்கள் பலர் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மகன் கல்யாணத்துக்குத் திறந்துகொள்ளலாம், அதற்குள் இன்னும் பழசாகி இன்னும் ருசிக்கும் என்று ஒரு கணக்கு. ஒரே வருட அறுவடையில் செய்து பாட்டிலுக்குள் முதிரும் விண்டேஜ் போர்ட்டுக்கு அந்தக் கணக்கு சரி. டானிக்குச் செல்லாது. டானியை வாங்குவதிலும் பரிமாறுவதிலும் நடக்கும் தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதால் வருபவை.

இரண்டுமே போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து வருபவைதான். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். நொதிப்பு பாதியில் நின்றுவிடும், சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. விண்டேஜ் இரண்டு மூன்று வருடத்தில் பாட்டிலுக்குள் போய், அங்கே காற்றுப் படாமல் பல பத்தாண்டுகள் முதிரும். டானி மரப் பீப்பாயிலேயே கிடக்கும். போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில் விலா நோவா டி கயாவின் கிடங்குகளில் இருக்கும் இந்தப் பீப்பாய்கள் சுமார் 550 லிட்டர் கொள்பவை. மர வாசனை ஒயினில் ஏறக் கூடாது என்பதற்காகவே பழைய பீப்பாய்களாகப் பார்த்து வைத்திருப்பார்கள். மரத்தின் வேலை காற்றைத் துளித்துளியாக உள்ளே விடுவது மட்டும்தான். வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும், மிஞ்சியது செறிவாகும். சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகி, பிறகு தேன் நிறத்துக்கு வரும். மிகப் பழையதைக் கிளாஸில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் லேசான பச்சைச் சாயல்கூடத் தெரியும். புதுப் பழத்தின் வாசனை போய் வால்நட், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய சர்க்கரைப் பாகு எல்லாம் வந்து சேரும். அத்தனை இனிப்புக்கும் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம், கூடவே செறிந்துவரும் புளிப்பு.

இதெல்லாம் பீப்பாயோடு முடிந்த வேலை. பாட்டிலில் அடைத்த பின் டானி மேலும் மெருகேறாது. வருடங்கள் போகப் போகக் களை இழக்கும். அதனால் வாங்கும்போது லேபிளில் பாட்டிலில் அடைத்த வருடத்தைத் தேடுங்கள். 2008இல் அடைத்த 20 வருட டானியை விட, போன வருடம் அடைத்ததுதான் நல்ல சரக்கு.

அந்த 20 என்ற எண்ணையும் தவறாகப் படிக்கிறோம். பாட்டிலில் உள்ள ஒவ்வொரு துளிக்கும் 20 வயது என்று பொருளில்லை. இளசும் கிழடுமாகப் பல வருடச் சரக்கைக் கலந்து, அந்த வயதுக்குரிய குணத்துக்குக் கொண்டுவருவது கலப்பவரின் திறமை. போர்ச்சுகலின் போர்ட் ஒயின் வாரியம் சுவைத்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே எண்ணைப் போட முடியும். ஒரே வருட அறுவடை வேண்டுமென்றால் 'கொல்யெய்ட்டா' என்று போட்டதை வாங்க வேண்டும். அது குறைந்தது ஏழு வருடம் மரத்தில் இருந்திருக்கும். லேபிளில் பெரிதாக வருடம் இருப்பதால் இதை விண்டேஜ் என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய. எண்ணும் இல்லாமல் வருடமும் இல்லாமல் வெறும் 'டானி' என்று வருவது பெரும்பாலும் இளம் சரக்கு. அதை மட்டும் குடித்துவிட்டு டானியைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம். கோவாவில் 'போர்ட் ஒயின்' என்று விற்கும் மலிவான இனிப்புச் சிவப்பு ஒயின் வேறு ஜாதி. அதற்கும் டோரோவுக்கும் சம்பந்தமே இல்லை.

எண் பெரிதானால் ருசியும் பெரிது என்பதும் சரியல்ல. 40 வருட டானியில் செறிவு அபாரம்தான், ஆனால் பழச்சுவை ஏறக்குறைய விடைபெற்றிருக்கும், விலையோ எங்கோ இருக்கும். என்னைக் கேட்டால் பழச்சுவையும் வால்நட் சுவையும் சரிசமமாக நிற்பது 20இல்தான்.

பரிமாறும்போது நடக்கும் பெரிய தவறு சூடு. 30 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். 12 முதல் 14 டிகிரி வரும்வரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஐஸ் போட வேண்டாம். கட்டைவிரல் உயர லிக்கர் கிளாஸில் வாசனை அடங்காது. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். டிகேன்ட்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றித் தெளிய வைக்கும் சடங்கும் தேவையில்லை. வண்டல் பீப்பாயிலேயே தங்கிவிட்டது. பல பாட்டில்களில் கையாலேயே திருகி எடுக்கும் தலை வைத்த கார்க்தான் இருக்கும். படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள்.

தொட்டுக்கொள்ள டார்க் சாக்லேட் வைப்பது பலருக்குப் பழக்கம். அதன் கசப்பு, பழச்சுவை மிகுந்த இளம் சிவப்பு வகையான ரூபி போர்ட்டுக்கு ஈடுகொடுக்கும், பழைய டானியை அமுக்கிவிடும். வறுத்த பாதாம், கேரமல் கஸ்டர்ட், நன்கு முதிர்ந்த கெட்டிச் சீஸ் பொருந்தும்.

திறந்துவிட்டோமே என்று ஒரே ராத்திரியில் காலி செய்யும் அவசரமும் வேண்டாம். விண்டேஜ்தான் ஓரிரு நாளில் வாடும். டானி பல வருடம் காற்றோடு பழகியது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். அடுத்த தீபாவளி வரை தாங்காது.