சபைக்கு வராமல் போனவரைத் தேடிப் போவது எப்படி?

சபையில் ஒருவர் மூன்று நான்கு வாரமாகக் கண்ணில் படவில்லை என்றால், வாட்ஸப்பில் வசனம் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பினால், "நேரில் வந்து வைக்கவில்லையே" என்று எத்தனை பேர் வருத்தப்படுகிறார்கள்! பைபிளில் லூக்கா 14-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் விருந்துக் கதையிலும், ஏற்கெனவே அழைத்தவர்களிடம் "எல்லாம் தயார், வாருங்கள்" என்று சொல்ல மறுபடி ஊழியக்காரனைத்தானே வீட்டு எஜமான் அனுப்புகிறார்.

யார் வரவில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். லூக்கா 15-ல் இயேசு சொன்ன தொலைந்த ஆட்டின் கதையை நினைத்துப் பாருங்கள், சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது எண்ணிப் பார்த்தால்தான் 100 ஆட்டில் ஒன்று குறைவது மேய்ப்பனுக்குத் தெரியும். ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் நேரம். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருப்பவரின் கதவைக் காலையில் போய்த் தட்டாதீர்கள். மாங்காய் சீசனில் ஞாயிறும் வேலை இருக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் ஊருக்கு வருவதே எப்போதாவதுதான். இவர்களைப் பின்மாறிப்போனவர்கள், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவர்கள் என்று முத்திரை குத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயல் வாங்கினேன், ஐந்து ஏர் மாடு வாங்கினேன் என்று லூக்கா 14-ன் அந்த விருந்துக்கு வர மறுத்தவர்கள் வசதியானவர்கள். அன்றாடக் கூலியை விட முடியாதவருடைய நிலை வேறு.

இரண்டு பேர் போனால் போதும். நாங்கள் ஒரு முறை ஆறு பேராகப் போய் வாசலில் நின்றோம், அந்த அம்மா அக்கம்பக்கத்துக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிட்டார். "ஏன் சபைக்கு வரவில்லை?" என்று தொடங்காதீர்கள். அநியாயமாகப் பணம் சேர்த்த வரி வசூலிப்பவனான சகேயுவை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், கணக்கு எதுவும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு தானாகச் சொன்னது அதற்குப் பிறகுதான். அதனால் களியும் கீரையும் கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேளுங்கள், அவர் பேசட்டும்.

பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு பழைய காயம் வெளியே வரும். லூக்கா 15-ல் ஆடு வெளியே போய்த் தொலைந்தது, ஆனால் அதே அதிகாரத்தில் வரும் ஒரு பெண்ணின் 10 வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்தது வீட்டுக்குள்ளேயே. அவள் காசைத் திட்டவில்லை, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கினாள். அதுபோலச் சபைக்குள்ளேயே காயப்பட்டவர்களும் உண்டு: காணிக்கை குறைந்தது என்று யாரோ பேசியிருப்பார்கள், வீட்டில் சாவு விழுந்தபோது சபையிலிருந்து ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். தப்பு நம் பக்கம் என்றால் விளக்கம் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள், புண்படப் பேசியவரையும் அடுத்த முறை கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த விருந்துக் கதையில் எஜமான் ஊழியக்காரனிடம் சொல்லும் "வருந்தி அழைத்துவா" என்ற வார்த்தையைக் காட்டிச் சிலர் நெருக்குகிறார்கள். தெருவோரத்து ஏழைக்கு அந்த விருந்து தனக்கும்தான் என்று நம்பிக்கை வராது, அதனால்தான் வருந்தி அழைக்கச் சொன்னார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் ஜெபிக்கலாமா என்று மட்டும் கேளுங்கள், அதற்கும் வேண்டாம் என்றால் சரி, எழுந்து வந்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி போங்கள்.

அவர் வரும் ஞாயிறுக்குச் சபையையும் தயார் செய்ய வேண்டும். லூக்கா 15-ல், வீட்டை விட்டுப் போன மகன் திரும்பித் தூரத்தில் வரும்போதே தகப்பன் அவனிடம் ஓடினார், நம் வாசலிலோ "அடேங்கப்பா, வழி தெரிந்ததா?" என்று ஒருவர் கேட்டுவிடுவார், அதோடு அந்த மனிதர் மறுபடி வரமாட்டார். வாசலில் நிற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்தில் உட்கார ஒருவரை ஏற்பாடு செய்து, அன்று மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போங்கள்.