அடுத்தவர் முறை உங்களுக்குப் பொருந்துமா?

மென்பொருள் உருவாக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது பல நிறுவனங்கள் முதலில் கேட்பது, இப்போது எல்லோரும் எதைப் பின்பற்றுகிறார்கள் என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்குகிறது. எந்தப் பிழை நேர்ந்தால் நம் நிறுவனம் தாங்காது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் அந்தக் கேள்வியைக் கேட்காததற்குப் பெரும் விலை கொடுத்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய திட்டத்துக்காக நிரலை மாற்றினார்கள். எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரல் ஏறியது. எட்டாவதில், 2003 முதல் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ விதி இல்லை. சந்தை திறக்கும் முன்பே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் பிழையைச் சுட்டியும் எவரும் அதன்படி செயல்படவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். சேதம் இன்னும் பெருகியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்று இரண்டு வாரமா, மூன்று வாரமா என்ற விவாதம் இதைத் தடுத்திருக்காது. தானியங்கி வெளியீடு, பழைய பதிப்புக்குத் திரும்பும் ஒத்திகை, செத்த நிரலை அகற்றும் பழக்கம் ஆகியவைதான் அங்கே தேவைப்பட்டன. உங்களிடம் கடைசியாக நடந்த மூன்று கோளாறுகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் பிடிபட்டிருக்க வேண்டும் என்று பாருங்கள். முறையை அதற்குப் பிறகு தேடலாம்.

இசைச் செயலி நிறுவனமான ஸ்பாட்டிஃபையின் அணி அமைப்பு பற்றி 2012-இல் வெளியான கட்டுரையைப் பலர் அப்படியே நகலெடுத்தார்கள். அது அன்றைய நிலை மட்டுமே என்று அதை எழுதியவர்களே அதில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஸ்பிரிண்டில் அணி முடித்த வேலையை அளக்கும் வேகப் புள்ளிகளை ஊதிய உயர்வோடு இணைப்பதும் வேண்டாம். வேலை அதிகரிக்காது, ஒவ்வொரு வேலைக்கும் தரும் மதிப்பீடுகள்தான் வீங்கும்.

மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் அஜைல் முறை என்றால் ஆவணமே தேவையில்லை என்று நினைப்பது எனக்கு மிகவும் கவலை தருகிறது. 2001-இல் 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கு முதலிடம் தந்தது. ஆனால் ஆவணங்களுக்கும் மதிப்புண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதயமுடுக்கிக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம், ஒவ்வொரு தேவையும் எந்தச் சோதனையில் உறுதியானது என்று ஒழுங்குமுறை அமைப்புக்குக் காட்டியாக வேண்டும். அங்கே ஆவணம் எழுதுவதற்கும் ஸ்பிரிண்டில் நேரம் ஒதுக்கியே தீர வேண்டும்.