ஸ்காட்லாந்து மலைநாட்டில் கோட்டைகளும் ஏரிகளும் காணச் செல்வோருக்கு

இன்வர்னஸ் நகரிலிருந்து லாக் நெஸ் ஏரிக்கரைச் சாலையில் செல்வோர், 1692ஆம் ஆண்டில் அங்கிருந்த படையினரே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வெளியேறிய அர்கர்ட் கோட்டையையும், அதற்கு மேற்கே மூன்று கடற்கழிகள் சந்திக்கும் இடத்தில் நிற்கும் ஐலின் டோனன் கோட்டையையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். 1719இல் போர்க்கப்பல்களின் தாக்குதலுக்குள்ளாகித் தகர்க்கப்பட்டு, 1932இல்தான் மீண்டும் கட்டிமுடிக்கப்பட்ட ஐலின் டோனன், நீர் ஏறியிருக்கும் வேளையில்தான் தன் முழு அழகையும் காட்டும்; நீர் வடிந்துவிட்டால் கோட்டையைச் சுற்றிப் பாசி படர்ந்த கற்களே கண்ணில் படும். ஆகவே, கடல் ஏற்ற இறக்க நேரங்களைப் பார்த்துப் புறப்படுவது நல்லது.

உட்புறச் சாலைகள் பல, ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம் கொண்டவை. எதிரே வண்டி வரும்போது, ஒதுங்குமிடம் இடப்புறம் இருந்தால் அதில் நுழைந்தும், வலப்புறம் இருந்தால் அதற்கு நேரே நின்றும் வழிவிட வேண்டும். அவசரமாகப் பின்னால் வரும் உள்ளூர்க்காரருக்கும் அவ்வாறே வழிவிடுங்கள். படம் எடுப்பதற்காக அந்த இடங்களில் வண்டியை நிறுத்தவே கூடாது.

கோடையில், காற்றடங்கிய காலையிலும் மாலையிலும், மிட்ஜ் எனப்படும் மிகச் சிறிய கடிபூச்சிகள் நீர்நிலைகளின் ஓரம் கூட்டமாக மொய்க்கும் என்பதால், முகத்தை மூடும் வலையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.