ஜெர்மன் கற்க எந்த ஆப்?

ஜெர்மன் படிக்க எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைத்தான். சுற்றுலாவுக்கு நாலு வார்த்தை போதும் என்றால் டுவோலிங்கோவே தாராளம்.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். அவர்களிடம் பெரும்பாலும் நாலாவது படியான பி2 நிலை கேட்பார்கள். ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோதே நிறுவனத்தின் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஆப்பில் விடையைத் தொட்டுத் தொட்டே பழகிய விரலுக்கு எழுத வராது, வாய்க்குப் பேசவும் வராது. இவர்கள் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் 'நிக்கோஸ் வெக்' பாடத்தில் தொடங்கலாம். ஏ1 முதல் பி1 வரை முழுக்க இலவசம். ஜெர்மனியில் வந்திறங்கியதும் பையைத் தொலைக்கும் நிக்கோவின் கதை வீடியோ வீடியோவாகப் போகும், அதனால் காது பழகிவிடும். ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்கள் அங்கேயே நிலை அறியும் தேர்வை எழுதிவிட்டு நடுவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சொற்களை நினைவில் வைக்க ஆன்கி என்ற அட்டை ஆப். மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்ப நீட்டும். மேசைக்கு வெறும் 'டிஷ்' என்று போடாமல் 'டேர் டிஷ்' என்று ஆண்பால், பெண்பால் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே அட்டை எழுதுங்கள். எந்தச் சொல்லுக்கு டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (அஃறிணைப் பால்) என்பதை அப்புறம் தனியாக மனப்பாடம் செய்வது பெரும் தலைவலி. ஆன்கி ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

எந்த ஆப்பாக இருந்தாலும் இலவசப் பகுதியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் வருடச் சந்தா கட்டாதீர்கள். பி1 தாண்டினால் ஆப் மட்டும் போதாது. எழுதியதைத் திருத்த ஆள் வேண்டும். அதற்குக் கோதே நிறுவனத்தின் சென்னை மையமான மாக்ஸ்முல்லர் பவன் வகுப்போ, ஆன்லைனில் ஓர் ஆசிரியரோ பாருங்கள்.