மைக்ரோவேவ் பெருக்கி கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் சுற்றிலும் டிஷ் ஆண்டெனாக்கள் தெரியும். கிண்ணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு டப்பாவின் பெயர் எல்.என்.பி., அதாவது இரைச்சல் குறைந்த முதல் பெருக்கி அடங்கிய பெட்டி. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நலிந்து வரும் 11 கிகாஹெர்ட்ஸ் அலையை முதலில் வாங்கி வலுவாக்குவது அதனுள் இருக்கும் மைக்ரோவேவ் டிரான்சிஸ்டர். செல்போன் டவர், ரேடார், செயற்கைக்கோள் எல்லாவற்றிலும் இதே இனம்தான் உழைக்கிறது. அதற்கு கேட், ட்ரெயின், சோர்ஸ் என்று மூன்று முனைகள். கேட் முனையில் விழும் சிறு மின்னழுத்தம், ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஓடும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரு விநாடிக்கு 1,100 கோடி முறை! அந்த வேகத்துக்காகத்தான் சிலிக்கானை விட்டு காலியம் ஆர்சனைடைத் தேடிப் போனார்கள்.

காட்பாடியில் என் மாடி அறைக்குக் கல்லூரி மாணவர்கள் சர்க்யூட் போர்டுகளோடு வருவது வழக்கம். ஆடியோ பெருக்கி கட்டிப் பழகிய கை அவர்களுடையது. அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடுகிறது.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் போர்டைப் பார்த்தேன். பற்றவைப்பு அவ்வளவு சுத்தம். ஆனால் சோர்ஸ் காலிலிருந்து தரைக்கு (கிரவுண்டுக்கு) போகும் துளை 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. மெல்லிய தடம் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு நானோஹென்றி தூண்டல் (இண்டக்டன்ஸ்) கொண்டது என்று கொள்ளலாம். அந்த ஒரு நானோஹென்றியே 10 கிகாஹெர்ட்ஸில் 63 ஓம் மறுப்பாகி, மின்தடைபோல் குறுக்கே நின்றுவிடும். அப்படியானால் 4 மில்லிமீட்டருக்கு 250 ஓமுக்கு மேல். அவன் தரை என்று நம்பியது தரையே இல்லை. சோர்ஸில் திட்டமிட்டுச் சிறிது தூண்டல் வைத்து, இரைச்சல் கூடாமல் உள்ளீட்டைப் பொருத்தும் முறையும் உண்டு. கணக்கிட்டு வைப்பது வேறு, கவனிக்காமல் சேர்ந்துவிடுவது வேறு. மெல்லிய போர்டு எடுத்து, சோர்ஸ் காலை ஒட்டியே உலோகம் பூசிய துளைகள் பல போடுங்கள்.

இதைவிடக் கொடியது, தனக்குத்தானே அலையும் (ஆசிலேட் ஆகும்) பெருக்கி. உள்ளீடு கொடுக்காமலேயே வெளியீடு வருகிறது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டிய அதிர்வெண்ணில் மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடுவதுதான் காரணம். இந்த டிரான்சிஸ்டர்களுக்குச் சில நூறு மெகாஹெர்ட்ஸில் பெருக்கம் இன்னும் அதிகம்; திருட்டுத்தனமாக அங்கே அலையும். பெருக்கி அலையாமல் நிற்குமா என்று சொல்லும் எண்ணாக ரோலெட் என்ற பொறியாளர் 1962-இல் தந்த நிலைத்தன்மைக் காரணி ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று, அதன் துணை நிபந்தனையோடு, டிரான்சிஸ்டர் பெருக்கும் அதிர்வெண் முழுவதற்கும் பாருங்கள். மேசையில் எளிய சோதனை ஒன்று உண்டு: ட்ரெயின் மின்னோட்டத்தை மீட்டரில் வைத்துக்கொண்டு போர்டின் அருகே விரலைக் கொண்டுபோங்கள்; முள் தாவினால் பெருக்கி அலைகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தம்பியின் போர்டில் 10 மில்லிஆம்பியர் காட்டிய முள், விரல் நெருங்கியதும் 14-க்குத் தாவியது. திறந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, உலோகப் பெட்டியை மூடியதும் அலைவதும் உண்டு. மூடியின் உட்புறம் அலை உறிஞ்சும் நுரைத்தகடு ஒட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

மின்சாரம் கொடுக்கும் வரிசையில் பிசகினால் மன்னிப்பே இல்லை. இந்த வகை டிரான்சிஸ்டர்களில் பல, கேட்டில் எதிர்மின்னழுத்தம் இல்லாதபோது முழுதாகத் திறந்திருப்பவை. முதலில் கேட், பிறகு ட்ரெயின்; அணைக்கும்போது முதலில் ட்ரெயின், பிறகு கேட். மாற்றிச் செய்தால் நொடியில் கருகும். விலை உயர்ந்த பொருளை அப்படி இழந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

ஆண்டெனாவுக்கும் முதல் பெருக்கிக்கும் இடையே நீளமான கேபிள் போடாதீர்கள். கேபிளில் 3 டெசிபல் இழந்தால் பாதி சிக்னல் போய்விட்டது. பின்னால் எத்தனை பெருக்கி வைத்தாலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். முதல் நிலையின் இரைச்சலே பெரும்பாலும் மொத்தத்தையும் தீர்மானிக்கிறது என்று ஃப்ரீஸ் என்ற பொறியாளர் 1944-இல் காட்டினார். எல்.என்.பி. டி.வி. அறைக்குள் இல்லாமல் வெயிலில் நிற்பது அதனால்தான்.

வெயில் என்றதும் நம் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிரான்சிஸ்டரின் தரவுத்தாளில் (டேட்டாஷீட்டில்) உள்ள எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியவை. வேலூர் கத்திரி வெயிலில் நிழலே 40-ஐத் தாண்டும், மாடியில் வைத்த தகரப் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். சூடு ஏறினால் பெருக்கம் குறையும், இரைச்சல் கூடும். அதிக சக்தி தரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் கட்டிய, 50 சதவீதத் திறனுள்ள பெருக்கி 10 வாட் வெளியிட்டால், இன்னொரு 10 வாட் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற வழி செய்யாமல் மூடாதீர்கள்.

அந்தத் தம்பி புது போர்டோடு வந்ததும் அப்படியொரு மே மாத மதியத்தில்தான். சோர்ஸைச் சுற்றி எட்டுத் துளைகள். கேட், பிறகு ட்ரெயின் என்று வரிசையாகக் கொடுத்தான். முள் 10-இல் நின்றது. விரலை மெல்ல நெருக்கினான். முள் அசையவில்லை.